சிரிப்பு இறுக்கிய போல்ட்

எனக்குப் பாட்டு என்றால் ஆகாது ஐயா. பக்கத்து அறையில் யாரோ ரேடியோ வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் குறைக்கச் சொன்னால் புண்ணியமாகப் போகும். ரசனை கெட்டவன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கார் தொழிற்சாலையில் பாட்டு கேட்டால் எவனோ தப்புச் செய்துவிட்டான் என்று அர்த்தம். ஒவ்வொருவன் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். அவன் வேலையில் கோளாறு தெரிந்தால் பார்த்தவர் யாராக இருந்தாலும் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்ததும் லைன் நின்றுவிடும், ஒலிபெருக்கியில் அந்தக் கயிற்றுக்கென்று வைத்த மெட்டு ஒலிக்கும். எந்த மெட்டு எவனுடையது என்பது வாசல் காவலாளி வரை தெரியும். என்னுடையது ஒரு குழந்தைப் பாட்டு. என் மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அங்கே வேலை பார்க்கிறேன், ஒரே ஒரு நாளைத் தவிர அதை ஒலிக்க விட்டதே இல்லை.

என் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கி வரும் தண்டைச் சக்கரங்களைத் திருப்பும் பாகத்தோடு சேர்ப்பது ஒரே ஒரு போல்ட். எனக்கு முன்னால் நிற்பவன் அதை மெஷினால் இறுக்குவான். இறுகியதும் பச்சை விளக்கு எரியும். உடனே போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் மையால் ஒரு கோடு இழுப்பான். பிறகு போல்ட் துளி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதன் மேல் நான் ரப்பர் உறையை மாட்டிக் கிளிப்புகளை அழுத்துவேன். சில வண்டிகளில் மட்டும் இன்ஸ்பெக்டர் உறையைத் திறப்பார். அவரும் கோட்டைத்தான் பார்ப்பார், போல்ட்டைத் தொடமாட்டார். மற்ற வண்டிகளில் அந்த போல்ட்டைக் கடைசியாகப் பார்க்கும் ஆள் நான்தான்.

எனக்கு முன்னால் நின்றவன்தான் நீங்கள் உள்ளே வைத்திருக்கும் என் மச்சினன். போல்ட்டைச் சரியாக இறுக்காமல் மூன்று பேர் சாவுக்குக் காரணமானவன் என்று அவன் மேல் வழக்கு. லைனில் அவனுக்குச் ‘சிரிப்பு’ என்று பெயர். எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவான். வேலைவெட்டி இல்லாமல் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை, மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் நான்தான் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டேன். மெஷினைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். மளமளவென்று கற்றுக்கொண்டான். அப்போது எனக்கு அது பெருமையாகவே இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஒரு நாள் எனக்கு லேசான காய்ச்சல். ஒரு கிளிப் சரியாக உட்காரவில்லை. வண்டி என்னைத் தாண்டுவதற்குள் நானே பார்த்திருப்பேன். அதற்குள் அவன் எட்டி என் கயிற்றை இழுத்துவிட்டான். குழந்தைப் பாட்டு ஆரம்பித்தது. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

“மாமா, ஒரு கிளிப்ப விட்டுட்டீங்க,” என்றான், வழக்கம்போல் சிரித்துக்கொண்டே.

“ஒரு வார்த்த கூப்ட்டிருந்தா நானே அழுத்தியிருப்பேனே மாப்ள.”

“தப்பப் பாத்தா யாரு எவருன்னு பாக்காம இழுக்கணும்னு நீங்கதானே மாமா சொல்லிக் குடுத்தீங்க?”

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து நான் தண்ணீர் குடிக்கப் போனாலும் எவனாவது அந்த மெட்டை முணுமுணுப்பான். அது ஓய்வதற்குள் எங்கள் பகுதிக்கு அவனையே லீடராகப் போடப்போவதாகச் செய்தி வந்தது. என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. “இனிமே என் தம்பி சொல்றபடிதான் நீங்க கேக்கணும்,” என்று விளையாட்டாகச் சொன்னாள். நானும் சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவன் மேலே போவதற்கு முன்னால் அவனுடைய மெட்டு ஒரே ஒரு தடவை ஒலிக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அவன் இறுக்கி, கோடு போட்டு அனுப்பிய ஒரு வண்டியில், உறையை மாட்டும் முன் ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தினேன். இன்ஸ்பெக்டர் திறப்பார், கண்டுபிடிப்பார், நேரே வந்து அவன் கயிற்றை இழுப்பார். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் அந்த வண்டியைத் திறக்கவில்லை. அது போய்விட்டது. எனக்கு அவர் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. மனிதர்கள் ஏறிப்போகும் வண்டியில் இப்படியா அலட்சியமாக இருப்பது? அதனால் மறுநாள் இன்னொன்றில் செய்தேன். அதற்கு மறுநாளும் செய்தேன்.

போகும்போதே கயிற்றை இழுத்து நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். அவன் கயிற்றை நானே இழுத்தால் பழி தீர்க்கிறேன் என்பார்கள் ஐயா. என் கயிற்றை இழுத்தால் என் பாட்டு அல்லவா ஒலித்திருக்கும்?

தளர்த்தியபோது கோடு முறிந்திருக்குமே என்றும் கேட்டீர்கள். முறிந்தது. அதைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று இழுத்தேன். இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அப்படியே விட்டிருக்கலாம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரு பொருள் கோணல்மாணலாக என் கையைத் தாண்டிப் போவது எனக்குப் பிடிக்காது. சுபாவம் அப்படி. அப்படி ஒரு வண்டியின் உறையை இன்ஸ்பெக்டர் திறந்தே பார்த்தார். “சிரிப்பு கை சுத்தம்பா,” என்று அவனை மெச்சிவிட்டு மூடினார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அவன் லீடராகிவிட்டான். அவன் இடத்துக்கு வேறொருவன் வந்தான், நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். யார்மீதும் எனக்குப் பகை கிடையாது.

கொஞ்ச நாளில் என் மருமகன் எங்கள் தொழிற்சாலை வண்டி ஒன்றை வாங்கப் பதிவு செய்தார். ஷோரூமில் அதை எடுக்கப் போகும்போது நானும் கூடப் போனேன். மகள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். தொழிற்சாலையில் பொறித்த வண்டி எண்ணை நான் பார்த்தேன். நான் கை வைத்த வண்டிகளின் எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். குழந்தையை வாங்கிக்கொண்டு மகளையும் கீழே இறங்கச் சொன்னேன்.

“இந்த வண்டி வேணாம்மா.”

“ஏன்ப்பா, என்ன ஆச்சு?”

“கலர் சரியில்ல. சீக்கிரம் அழுக்குப் பிடிக்கும்.”

“நான் ஆசப்பட்டுக் கேட்ட கலருப்பா இது!”

மருமகன் முகம் சுண்டிப்போனது. இதை எடுத்தால் உங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். மகள் அழுதே விட்டாள். அழட்டும் என்று இருந்துவிட்டேன். பெற்றவனுக்குத்தானே தெரியும்.

பக்கத்தில் ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளோடு காத்திருந்தார். அதே நிறம் கேட்டிருந்தாராம், வர நாளாகும் என்று சொல்லியிருந்தார்களாம். விற்பனையாளர் அந்த வண்டியை அவரிடம் காட்டினார். பெரிய பையன் அதற்குள் ஏறி ஹாரனை அடித்துப் பார்த்தான். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “உங்க புண்ணியத்துல எங்களுக்குச் சீக்கிரம் கெடச்சிருச்சு. ரொம்ப நன்றிங்க,” என்றார்.

“பரவால்லம்மா,” என்றேன்.

நீங்கள் காட்டிய புகைப்படத்தில் இருப்பது அந்த வண்டிதான். பாலத்துக்கு முந்தைய வளைவில் அந்த அம்மா ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்கிறார், சக்கரம் திரும்பவில்லை. அப்படித்தான் ஆகும்.

என் மச்சினன் தனக்குச் சாட்சி சொல்ல என்னைத்தான் கூப்பிடச் சொன்னான் என்றீர்கள். “எங்க மாமா கண்ணுல படாம ஒரு போல்ட்டும் போகாது, அவரக் கேளுங்க,” என்றானாம். அவனை வெளியே விட்டுவிடுங்கள். இறுக்கியது அவன். தளர்த்தியது நான். கோட்டைத் திரும்ப இழுத்ததும் நான். மற்ற வண்டிகளின் எண்களையும் சொல்கிறேன், இன்றைக்கே ஆள் அனுப்பினால் நல்லது, அவற்றிலும் குடும்பங்கள் போய்வந்துகொண்டிருக்கும்.

ஆனால் கொலை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். நானும் பிள்ளை பெற்றவன் ஐயா. ஆபத்து என்று தெரிந்திருந்தால், அந்த வண்டியில் ஒரு குழந்தையை ஏறவிட்டிருப்பேனா?