ஓ.பி. டப்பா

விஜயா: எங்க ஊட்டுக்காரரு கண்ண மூடின அன்னிக்குக் காலையிலயும் அந்த முக்காலியிலதானுங்ண்ணா உக்காந்திருந்தாரு. டீயக் குடிச்சுட்டு, "இன்னிக்கு ஓ.பி. போறேன்"னாரு. "எந்த ஓ.பி.?"ன்னு கேட்டேன்.

சில்வஸ்டர்: எந்த ஓ.பி.யா? ஞானசேகரனுக்கு எத்தன ஓ.பி. அம்மணி?

விஜயா: ஆஸ்பத்திரி ஓ.பி. ஒண்ணு. பேக்டரியில மூட்டைக்குப் பின்னால உக்காந்து நீங்க ரெண்டு பேரும் அடிக்கிற ஓ.பி. ஒண்ணு.

சில்வஸ்டர்: நாங்களா! முழு இலைத் தேயிலை மூட்டைமேல, ரகம் தெரிய, எழுத்து வெட்டின தகடு வெச்சு "ஓ.பி."ன்னு மை அடிச்சோம். அது வேலை.

விஜயா: பெரிய வேலை! அந்தத் தகட்ட ஊட்டுக்குக் கொண்டாந்து சக்கரை டப்பாவுலயும் அடிச்சாரு.

சில்வஸ்டர்: சக்கரைக்கு எதுக்கு...

விஜயா: டாக்டர் சக்கரை ஆகாதுன்னுட்டாரு. ஓ.பி.ன்னு இருந்தா தேயிலைன்னு நெனச்சு நான் தொறக்க மாட்டேனாம். டப்பாவச் சுத்தி எறும்பு. எறும்பு எங்காச்சும் தேயிலை திங்குமா?

சில்வஸ்டர்: "எங்க ஊட்டுல சக்கரையே இல்ல"ன்னு சொல்லி என் டீயையும் வாங்கிக் குடிப்பானே... படுபாவி!

விஜயா: உங்க டீயையுமா?

சில்வஸ்டர்: ...அது எப்பவோ ஒருக்கா.

விஜயா: அவரு போயி வருசமே ஆச்சு, இன்னும் காப்பாத்துங்க. ஆமா, வந்ததுலருந்து பையில கைய விட்டு விட்டு எடுக்கறீங்க. பத்திரிகைதானே?

சில்வஸ்டர்: எம் பொண்ணு ஜெஸிந்தாவுக்குக் கல்யாணம்... ஆனா குடுக்கறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லோணும். கேட்டுட்டு, வேணாம்னா வேணாம்னு சொல்லிரு.

விஜயா: சொல்லுங்க.

சில்வஸ்டர்: அன்னிக்கு... காலையில ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நிக்கறப்பவே நெஞ்சு வலி வந்துச்சுன்னு சொன்னேனில்ல...

விஜயா: ம்.

சில்வஸ்டர்: பொய்யி. மொத பஸ்ஸுக்குத்தான் கெளம்பினான். நான் வழி மறிச்சேன். ஜெஸிந்தாவப் பொண்ணு பாக்க வர்றாங்க, எனக்கு லீவு கெடைக்கல, மத்தியானம் வரைக்கும் பேக்டரியில என் எடத்துல நில்லுடான்னு... நின்னான். அப்பறம்தான் பஸ் ஸ்டாப்புக்கு எறங்கியிருக்கான், அங்கதான் வலி வந்து விழுந்துட்டான். காலையிலயே போயிருந்தா...

விஜயா: தெரியுமுங்ண்ணா.

சில்வஸ்டர்: தெரியுமா! யாரு சொன்னா?

விஜயா: அவரேதான்.

சில்வஸ்டர்: அம்மணி...

விஜயா: குளிப்பாட்டறப்ப பாத்தேன். காலையில தேச்சுக் கழுவிட்டுப் போன பத்து வெரல்லயும் புது மை. ஆஸ்பத்திரியில எவன் மூட்டைக்கு எழுத்து அடிக்கச் சொன்னான்? அன்னிக்கு உங்க ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தாங்கன்னு ஊருக்கே தெரியுமே.

சில்வஸ்டர்: அப்ப... இத்தன நாளா எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த கேக்கல?

விஜயா: கேட்டிருந்தா, பொண்ணுக்கு அந்தச் சம்பந்தமே வேணாம்னிருப்பீங்க. அப்பறம் அவரு உங்க எடத்துல நின்னதுக்கு என்ன அர்த்தம்? பத்திரிகையக் குடுங்க, நான் வராம யாரு வருவா? டீ ஆறுது பாருங்க. சக்கரை பத்தலைன்னா, அந்த ஓ.பி. டப்பாவுலதான் இருக்கு.