மேட்டி டொலன் வீட்டு ஏழு படி

— நீயே சொல்லு, உங்க வீட்டு கேட்டை ரெண்டு வருஷமா ஒருத்தனும் திருடலைன்னா உனக்கு எப்படி இருக்கும்?

— நிம்மதியா இருக்கும். போன ஹாலோவீனுக்கு எங்க கேட்டைக் கழட்டிட்டுப் போயி சர்ச் வாசல்ல சாத்தி வெச்சுட்டானுங்க. எங்கப்பாவும் அண்ணனும் ஒன்றரை மைல் தூக்கிட்டு வந்தாங்க. வழி பூரா திட்டு. சத்தியமா சொல்றேன் ஓர்லா, அதுல பாதி வார்த்தைக்கு எனக்கு அர்த்தமே தெரியல.

— பாரு, சொல்றப்பவே உனக்குச் சிரிப்பு வருது. இந்த ஹாலோவீன் ராத்திரி ஒண்ணுல பசங்க குறும்புக்கு ஊர்ல எல்லா வீட்டு கேட்டும் காணாமப் போகுது. அந்தச் சிடுமூஞ்சி மிஸஸ் கானன் வீட்டு கேட் கூடப் போகுது. எங்களுது மட்டும் அப்படியே தொங்குது. விடிஞ்சதும் எங்கப்பா முதல் வேலையா ஜன்னல் வழியா எட்டிப் பாப்பார். கேட் இருக்கும். ஒண்ணும் பேசாம ஆட்டுக்குத் தீனி வைக்கப் போயிடுவார்.

— உனக்கு உடம்பு சரியில்லைன்னுதானேடி யாரும் தொடறதில்ல.

— டெர்வ்லா, சரியில்லாம இருந்துச்சு. இப்ப இல்ல. ஆகஸ்ட்ல டப்ளின் டாக்டர் என்ன சொன்னார்? நெஞ்சுல இருந்த ஓட்டை அடைஞ்சாச்சு, ஓடு, நீந்து, மரம் ஏறு, வருஷத்துக்கு ஒருவாட்டி வந்து மூஞ்சியக் காட்டுன்னார். அம்மா அதை சர்ச்ல எல்லார்கிட்டயும் சொன்னாங்க. எல்லாரும் ஆண்டவருக்கு நன்றின்னாங்க. சொல்லிட்டு என் தலையத் தடவினாங்க. நாய்க்குட்டியத் தடவுற மாதிரி.

— நான் தடவலையே.

— நீ என் சாக்லேட்டத் திருடினே. அதனாலதான் உன்னை இந்த வைக்கோல் கொட்டாய்க்குக் கூட்டிட்டு வந்தேன். பூட்ஸைக் கழட்டு.

— எதுக்கு?

— கோட்டையும் கழட்டு. இங்கிருந்து வெளிய போறப்போ நான்தான் நீ. நீதான் நான். ஹாலோவீனுக்கு வீட்டை இருட்டாக்கிப் பிள்ளைங்களை அலற வைக்கிறாரே, அந்த மேட்டி டொலன் மாமா வீட்டுக்குப் போறோம்.

— போச்சுடா. அவரையா ஏமாத்தப் போறே? முகமூடியெல்லாம் அவருக்குக் கண்ணுலயே படாது. இருபத்தெட்டு வருஷமா நம்ம ஸ்கூல் பஸ் ஓட்டுறார். படியில கால் வைக்கிற சத்தத்துலயே யாருன்னு சொல்லிடுவார். ரெண்டு வருஷம் முன்னாடி எங்கண்ணன் அம்மா பாவாடையக் கட்டிக்கிட்டு, தலையில சாக்கு மாட்டிக்கிட்டுப் போனான். உள்ள இருட்டுல இருந்துக்கிட்டே, “வாடா கீரன், பாவாடைய மிதிச்சு விழுந்து வைக்காதே”ன்னாரு.

— அதான் கால்ல இருந்து ஆரம்பிக்கிறேன். அவர் வீட்டுக்கு ஏழு படி. நீ எப்படி ஏறுவே, சொல்லு.

— எப்படி ஏறுவேன்? ஏறுவேன்.

— ரெண்டு ரெண்டா தாவுவே. டொம், டொம், டொம். கடைசி ஒண்ணு தனியா, டப். உன் இடது பூட்ஸ் உங்கண்ணனோடது, பெருசு. ஒவ்வொரு தாவலுக்கும் சளப்புனு அடிக்கும். பஸ்ல முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு ஒரு மாசமாக் கேட்டு வெச்சிருக்கேன். இப்ப நான் எப்படி ஏறுவேன், சொல்லு.

— ஒண்ணொண்ணா. மூணாவது படியில நிப்பே. கம்பியப் பிடிச்சு மூச்சு வாங்குவே.

— மூச்சு வாங்கறதெல்லாம் நின்னு போச்சு. கால்தான் பழக்கத்துல நிக்குது. நீ அப்படியே செய். நின்னு, மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டு, நாலாவது படி.

— இவ்வளவு கூத்து எதுக்குடி? அவர் உன்னையும் உள்ள விடத்தானே செய்யறார்?

— விடறார். போன வருஷம் என்ன ஆச்சு? நீங்க ஒவ்வொருத்தரா உள்ள போனீங்க, அலறிக்கிட்டு ஓடி வந்தீங்க. ஷானோட கால்சட்டையே நனைஞ்சு போச்சு.

— அது மிதக்கற ஆப்பிளை வாயால கடிச்சு எடுப்போமே, அந்தத் தொட்டித் தண்ணின்னு சொன்னான்.

— நல்லா சொன்னான். அப்புறம் என் முறை. உள்ள போனேன். லைட்டைப் போட்டுட்டார். முகமூடியக் கழட்டிட்டார். “பயப்படாதே கண்ணு, நான்தான், மேட்டி”ன்னார். கையில ஒரு ஆரஞ்சைக் கொடுத்தார். ஆரஞ்சு, டெர்வ்லா! அதோட விட்டாரா? என் கையப் பிடிச்சு ஏழு படியும் இறக்கி விட்டார். நீங்க எல்லாரும் கீழ நின்னு பாத்தீங்க.

— ஆமா. பாத்தோம். எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

— வர்ற பிப்ரவரியில எனக்குப் பன்னெண்டு. பன்னெண்டு ஆயிட்டா அவர் வீட்டுக்குள்ள விட மாட்டார். இதுதான் கடைசி ஹாலோவீன். ஒருவாட்டி கூட அலறாமலே நான் பெரியவளாயிடணுமா?

— நிஜமாவே பயந்து ஏதாவது ஆயிட்டா? உங்கம்மா, எனக்குப் பெரியம்மான்னு கூடப் பாக்காம, என்னைக் கொன்னுடுவாங்க.

— டாக்டர்கிட்டயே கேட்டேன். எங்க ஊர்ல ஒருத்தர் குழந்தைங்களை அலற வைப்பார், நான் போகலாமான்னு. “போயி எனக்கும் சேத்து அலறு”ன்னார். அம்மாவும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க.

— அப்ப ஆரஞ்சு எனக்கு. அலறல் உனக்கு.

— இன்னிக்குப் பையில விழற சாக்லேட் பூரா உனக்கு.

— பூராவுமா? சத்தியமா? இந்தா பூட்ஸ். சீக்கிரம் மாட்டு. கேளு, இந்த வருஷம் அவர் சாவு வீடு போட்டிருக்காராம். சமையலறை மேஜையில செத்துக் கிடக்கறாராம், தலைமாட்டுல ஒத்தை மெழுகுவத்தி. பக்கத்துல போயி கையத் தொட்டுட்டு வேர்க்கடலை எடுத்துக்கணும். பிணத்தைத் தொட்டுட்டா அது கனவுல வராதுன்னு பெரியவங்க சாவு வீட்ல தொட வைப்பாங்கல்ல, அது மாதிரி. யாருன்னு அவர் நம்ம பேரைச் சொல்ற வரைக்கும் நாம வாயத் திறக்கக் கூடாது.

— தெரியும். நட.

— ஓர்லா, அப்படி நடக்காதே. நான் அவ்வளவு ஒழுங்கா நடக்க மாட்டேன். கால வீசு. இன்னும். தெருவே உனக்கு எழுதி வெச்ச மாதிரி. ஆங், அதான்!

*

— ஒண்ணு. ரெண்டு. மூணு. நின்னாச்சு. இரு இரு, ஆத்தா, இந்தக் கிழட்டுப் பிணம் எழுந்து லைட்டைப் போடட்டும். வா, ஓர்லா கண்ணு. முகமூடி ஜோரா இருக்கு, ஆனா மூணாவது ஸ்டாப்ல வண்டிய நிறுத்தறது இந்த ரூட்லயே நீ ஒருத்திதான். பயப்படாதே, நான்தான், மேட்டி. இந்தா ஆரஞ்சு. முகமூடிய எடுக்கலையா? குளிருதா? சரி சரி, போட்டுக்கோ. அடுப்போரம் உக்காரு. அந்த ஹாலோவீன் ரொட்டிய எடுத்துக்கோ, உள்ள மோதிரம் வெச்சிருக்கேன், கிடைச்சா அதிர்ஷ்டம், பல்லு பத்திரம். கண்ணு, இப்ப ரெண்டு காதையும் பொத்திக்கோ. அடுத்தது உன் சித்தப்பா பெத்த கழுதை. போன வருஷம் என் பேய் முகமூடியப் பாத்து, “மாமா, மீசை கழண்டு வருது”ன்னு சொல்லிட்டு, சும்மா அலறிக்கிட்டு ஓடிச்சு. அதுக்கு இன்னிக்கு இருக்கு. இந்தா, கேக்குதா? டொம். சளப்பு. டொம். சளப்பு. பூகம்பம் பூட்ஸ் மாட்டிட்டு வருது. லைட் ஆஃப். நான் செத்துட்டேன்.

— …

— …

— அம்மா! கை! ஐயோ, கை வந்துடுச்சு! கை என் கையில இருக்கு!

— யாரு… என்… கையப்… பிச்சது…

— ஆஆஆஆ! பிணம் உக்காருது! ஆஆஆஆ!

— என் கையக் குடுடீ டெர்வ்லா! என் கையக் குடுத்துட்டுப் போ!

— ஆஆஆஆஆ!

— ஹா ஹா ஹா! அப்படிப் போடு! இருபத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு ஹாரன் நான் கேட்டதில்ல. இரு, லைட்டைப் போடறேன். பயந்தியா? அது பாத்திரம் கழுவற கையுறைம்மா, உள்ள ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சி. முகமூடிய எடு டெர்வ்லா, அந்த மூஞ்சிய நான் பாக்கணும்.

— நான் டெர்வ்லா இல்ல மாமா.

— நான்தான் டெர்வ்லா. ஆரஞ்சு நல்லா இனிப்பா இருக்கு.

— நீ… அது… அப்ப இது… ஓர்லாவா? ஐயோ ஆண்டவரே! ஐயோ மாதாவே! உக்காரு, உக்காரு கண்ணு! கால நீட்டு! டெர்வ்லா, ஓடு, ஓடிப்போயி இவ அப்பன் ஜார்லத்தக் கூட்டிட்டு வா! டாக்டருக்குப் போன் போடு! நான் என்ன காரியம் பண்ணிட்டேன், ஒரு குழந்தைய…

— மாமா, உங்க மூஞ்சி வெளுத்துப் போச்சு.

— அது மாவும்மா, பிணத்துக்குப் பூசினது.

— மாவு கன்னத்துலதான் இருக்கு. உதடும் வெளுத்திருக்கு. கையக் கொடுங்க. நிஜக் கைய. பேசாதீங்க, கடிகாரத்தப் பாத்து எண்ணணும்.

— எனக்கு எதுக்கு? உனக்குத்தானே…

— பேசாதீங்கன்னேன். பதினஞ்சு செகண்ட்ல முப்பத்திரண்டு. அப்ப நூத்தி இருபத்தெட்டு. இருங்க, என்னோடத எண்ணறேன். இருபத்தாறு. நூத்தி நாலு. ஏழு படி தாவி ஏறி, பிணத்தோட கையப் பிச்சு எடுத்து, அவ்வளவு அலறினதுக்கு அப்புறம் நூத்தி நாலு. கணக்குப்படி நீங்கதான் படுக்கணும். டெர்வ்லா, மாமாவுக்குத் தண்ணி கொண்டா.

— இந்தாங்க மாமா. மெதுவாக் குடிங்க.

— பயப்படாதீங்க மாமா. நான்தான், ஓர்லா.

— அடிப்பாவி. அது நான் சொன்னதாச்சே.

— ஆமா. நல்லா இருக்கா கேக்க?

— நல்லா இல்ல. நாய்க்குட்டியத் தடவுற மாதிரி இருக்கு.

— டெர்வ்லா, கேட்டுக்கோ! நான் சொன்னேன்ல!

— கேட்டேன், கேட்டேன். மாமா, உங்களை இது வரைக்கும் யாராவது பயமுறுத்தியிருக்காங்களா?

— எவன் பயமுறுத்தினான்? என் பஸ்ல ஏறினவன் எல்லாம் முயற்சி பண்ணியிருக்கான். சீட்டுக்கு அடியில தவளை விட்டிருக்கானுங்க, பேய் பிசாசுன்னு போர்வைய மாட்டிக்கிட்டு நடு ரோட்டுல நின்னிருக்கானுங்க. எனக்கு நாடி ஒரு துடிப்பு ஏறினதில்ல. இவதான் முதல் ஆளு.

— எத்தனைன்னு சொல்லுங்க மாமா. நூத்தி எத்தனை?

— நூத்தி இருபத்தெட்டு. போதுமா? ஊர் பூரா தமுக்கு அடிக்கப் போறே.

— இப்பவே. கீழ பதினாலு பேர் நிக்கிறாங்க. முதல்ல நான் அலறினது கேட்டுச்சான்னு கேக்கணும்.

— பக்கத்து மாவட்டத்துக்கே கேட்டிருக்கும். ஏ ஓர்லா, நெஜமா சொல்லு. வலிக்குதா, படபடக்குதா, ஒண்ணும் இல்லையே?

— படபடக்குது. ரொம்ப நல்லா இருக்கு. மாமா, இன்னொருவாட்டி செத்துப் போறீங்களா?

— இன்னிக்கு வேணாம் ஆத்தா. இப்ப செத்தா நெஜமாவே போயிடுவேன்.

— அப்ப இன்னொண்ணு கேக்கணும். எங்க வீட்டு கேட்டைத் தொடக் கூடாதுன்னு பசங்ககிட்ட சொன்னது நீங்கதானே?

— அது உனக்கு யார் சொன்னா?

— எங்கண்ணன் உளறினான் மாமா. அவன் வாயில எதுதான் நிக்குது?

— கீரனா? அவன் அடுத்த வாரம் பஸ்ல ஏறட்டும், பேசிக்கிறேன். ஆமா, நான்தான் சொன்னேன். அந்தப் பயலுங்க எல்லாம் என் பஸ்ல வளந்தவனுங்க. நீ டப்ளின்ல கிடந்தே. உங்கப்பன் ராத்திரி பூரா கார் ஓட்டிப் போயிட்டு விடியக்காலைல திரும்பி வந்து ஆட்டைப் பாப்பான். “அந்த வீட்டுல கை வைக்காதீங்கடா, பட்டது போதும். ராத்திரி ஆம்புலன்ஸ் கீம்புலன்ஸ் வந்தா எப்படி?”ன்னேன்.

— கேட் இல்லாட்டி ஆம்புலன்ஸுக்கு வசதிதானே?

— அட, ஆமா. எனக்கு அது தோணவே இல்ல.

— எங்கப்பா விடிஞ்சதும் ஜன்னல்ல எட்டிப் பாப்பார் மாமா. கேட் அங்கயே இருக்கும். ரெண்டு வருஷமும், “இன்னும் நம்மளப் பாத்துப் பாவப்படறாங்க”ன்னு அவர் மூஞ்சியில எழுதியிருக்கும்.

— ஜார்லத் ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்லையே.

— “எங்க கேட்டைத் திருடுங்க”ன்னு எப்படி மாமா வந்து சொல்லுவார்?

— …சரி. போங்க ரெண்டு பேரும். கீழ ஷான் நிக்கிறான், தொட்டியில விழுந்துட்டேன்னு இப்பவே சொல்லச் சொல்லு. டெர்வ்லா, உன்னைக் கொண்டு போயி உங்க வீட்ல விடணுமா?

— வேணாம் மாமா. நான் இன்னிக்கு ஓர்லா வீட்லதான் தூங்கறேன். சாக்லேட் அங்கதானே இருக்கும்.

— படி இறங்கறப்போ கையப் பிடிக்கட்டுமா, ஓர்லா?

— மாமா!

— சும்மா கேட்டேன்மா, சும்மா. தாவு, கழுதை, தாவு!

*

— ஓர்லா. ஏய். எழுந்திரு.

— மணி என்ன?

— எட்டு. ஜன்னல்கிட்ட வா. பெரியப்பா ரோட்டுல நிக்கிறார். பைஜாமாவுக்கு மேல கோட்டு, கால்ல ஒத்தை செருப்பு.

— ரோட்டுலயா? ஏன்?

— ஆடு நாலு வெளிய வந்து மிஸஸ் கானன் வீட்டு முட்டைக்கோஸைத் தின்னுக்கிட்டிருக்கு. அதைக் கூட விரட்டல. இடுப்புல கைய வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறார். தோள் குலுங்குது.

— அழறாரா?

— முதுகுதான் தெரியுது. இரு, திரும்பறார். இல்லடி. சிரிக்கிறார். சத்தியமா, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறார். பெரியம்மாவக் கூப்பிடறார், வந்து பாருன்னு.

— எதைப் பாக்க?

— கேட்டைக் காணோம்.