பலகைக்குப் பின்னால்

— "கதவைச் சாத்திட்டுப் போ, குளிரெல்லாம் வெளிய போகுது"ன்னான். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசல.

— உங்க தம்பியா?

— ஆமாக்கா. சின்னவன். நான் டீ குடிக்க இறங்கினேன். அவன் பின்னாடி படுக்கையில காலை நீட்டிட்டான். சொன்னபடி கதவைச் சாத்தினேன்.

— அந்த ஸ்பேனரைக் கொடுங்க. அது இல்ல, சின்னது. ம். இன்ஜின் ஓடிட்டிருந்துச்சு?

— ஏசிக்காகத்தான். இன்ஜினை அணைச்சா ஏசியும் நின்னுடுமே. கிடங்கு வாசல்ல லாரி வரிசை, எப்ப உள்ள கூப்பிடுவாங்கன்னு தெரியாது. வெயில்னா அப்படி ஒரு வெயில்.

— இனி அந்தப் பிடுங்கல் இல்ல டிரைவரே. இந்த ஏசிக்குத் தனி பேட்டரி. இன்ஜின் சாவியை எடுத்துச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத் தூங்கலாம். போன மாசம் ஒருத்தருக்கு மாட்டிக் கொடுத்தேன். மனுஷன் இப்ப வீட்டு வாசல்லயே லாரியை நிறுத்தி அதுக்குள்ள படுத்துக்கறாராம். அவர் சம்சாரம் எனக்கு ஃபோன் போட்டு, "நீ எலக்ட்ரீஷியனா, இல்ல என் வீட்டுக்காரருக்குச் சின்னவீடு பார்த்துக் கொடுக்கறவளா"ன்னு கேக்குது. சிரிக்கலாம், ஒண்ணும் ஆகாது.

— சிரிச்சேன்க்கா. உள்ளுக்குள்ள.

— நல்லா சிரிச்சீங்க போங்க. சரி, கூரையில யூனிட் உட்கார்ந்தாச்சு. பேட்டரிப் பெட்டியைக் கீழ சட்டத்துல இறுக்கியாச்சு. பாக்கி ஒயரு மட்டும்தான். மெத்தையைத் தூக்கிப் பிடிங்க, பின்பலகையைக் கழட்டணும்.

— பலகை வேண்டாம்.

— வேண்டாம்னா?

— ஒயரை வெளிப்பக்கமா கொண்டு போயிடுங்க.

— கேளுங்க. கட்டைவிரல் மொத்தத்துக்கு இருக்கு இந்த ஒயரு. வெளிய போட்டா வெயில்ல காயும், மழையில ஊறும், உரசி உரசித் தோல் உரிஞ்சுதுன்னா தீப்பிடிக்கும். பலகைக்குப் பின்னாடிதான் போகணும்.

— அப்ப ஏசியே வேண்டாம். கழட்டிடுங்க.

— இது என்ன கூத்து! காலையில என் கையைப் பிடிக்காத குறையா நின்னது யாரு? "என் தங்கச்சி புருஷன் இனிமே என்கூட வண்டிக்கு வரார், இன்ஜின் ஓடற வண்டியில அவரைத் தூங்க விடாதேன்னு தங்கச்சி அழறா"ன்னது யாரு?

— நான்தான்.

— அப்புறம் என்னவாம்?

— அந்தப் பலகையில சின்னவன் இருக்கான்க்கா.

— என்ன சொல்றீங்க?

— நானும் அவனும் மாத்தி மாத்தி ஓட்டுவோம். ஒருத்தன் ஓட்டினா ஒருத்தன் தூங்குவான். மாத்திக்கற நேரம் வந்தா பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. கூப்பிட்டா பதறி எழுந்து தலையைக் கூரையில இடிச்சுக்குவான். அதனால வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, டயரை ஒரு சுத்து பார்த்துட்டு, வெளியேருந்தே கேபின் முதுகுல ஒரு தட்டு. அவன் உள்ளேருந்து பலகையில ஒண்ணு தட்டினா, எழுந்துட்டேன். ரெண்டு தட்டினா, இன்னும் கொஞ்சம் தூங்கறேன்.

— நல்ல ஏற்பாடுதான்.

— அந்த நாய் எப்பவும் ரெண்டுதான் தட்டும். ஒண்ணு தட்டி நான் பார்த்ததே இல்ல.

— அன்னைக்கு?

— டீ குடிச்சுட்டு வந்து தட்டினேன். ரெண்டு வந்துச்சு. சரி தூங்கட்டும்னு பக்கத்துல நிழல்ல உட்கார்ந்துட்டேன். வரிசை நகர்ந்தப்பதான் போய்க் கதவைத் திறந்தேன்.

— புகையா?

— கேபினுக்கு அடியில புகைக்குழாய் விரிசல் விட்டிருந்திருக்கு. எங்களுக்குத் தெரியல. தூக்கத்துலயே போயிட்டான்னார் டாக்டர். எந்த நேரத்துலன்னு கேட்டேன். அதைச் சொல்ல முடியாதுப்பான்னுட்டார். எனக்குத் தெரியும்க்கா. நான் தட்டினப்ப இருந்தான். அப்பவே கதவைத் திறந்து இழுத்துப் போட்டிருந்தா இன்னைக்கும் இருப்பான்.

— அப்படியெல்லாம் நினைக்கக்கூடாது. அதுக்கும் இந்தப் பலகைக்கும் என்ன?

— இப்பவும் தட்டறான்.

— யாரு?

— வண்டியை வேலையெல்லாம் பார்த்துத் திரும்பக் கொடுத்தாங்க. பழைய பழக்கம், இறங்கினதும் ஒரு தட்டு தட்டிட்டேன். ரெண்டு வந்துச்சு. அன்னையிலேருந்து எங்க நிறுத்தினாலும் தட்டறேன். ரெண்டு வருது. நம்பலைன்னா இறங்கிப் போய்த் தட்டிப் பாருங்க. நான் படுக்கையைத் தொடமாட்டேன், இங்கயே உங்க கண்ணு முன்னால நிக்கறேன். போங்கக்கா.

— இருங்க. இப்படித்தானே, முதுகுல... அட!

— எத்தனை?

— ரெண்டு. கையைப் பாருங்க, முடியெல்லாம் குத்திட்டு நிக்குது. பயமா இல்லையா உங்களுக்கு?

— எதுக்குப் பயம்? இன்னும் கொஞ்சம் தூங்கறேங்கறான். எழுப்ப எனக்கு மனசு வரல.

— டிரைவரே, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு உங்க தங்கச்சி புருஷன் இதே படுக்கையில படுப்பார். அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆகி, நீங்க வெளிய நின்னு தட்டி, ரெண்டு தட்டு வந்துச்சுன்னு வைங்க. அது அவரா, சின்னவனான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

— கழட்டுங்க.

— மெத்தையைப் பிடிங்க. டார்ச்சை இங்க அடிங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டு அடிச்சா எனக்கு என்ன தெரியும், இப்படிக் கொண்டாங்க. ம்.

— என்னக்கா இருக்கு?

— இதோ. பாருங்க, ஒண்ணும் கடிக்காது. ஒரு போல்ட்டு நீளமா உள்ள நீட்டிக்கிட்டிருக்கு. அதுல ஒரு தகடு, நட்டு போடாம தொங்குது. பலகையை அதே இடத்துல கொஞ்சம் விலக்கிப் பிடிக்கறேன், தகரத்துல ஒரு தட்டு தட்டுங்க. பார்த்தீங்களா? ஆடிப் போய்ப் பலகையில ஒண்ணு, தகரத்துக்குத் திரும்பி வரப்ப ஒண்ணு.

— இதுதானா?

— இதேதான். கேளுங்க. அன்னைக்கு உங்களுக்குப் பதில் சொன்னதும் இந்தத் தகடுதான். டீ குடிச்சுட்டு நீங்க வரதுக்குள்ளயே அவர் கதை முடிஞ்சு போச்சு. அப்பவே கதவைத் திறந்திருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது.

— அவன் தட்டல.

— தட்டல.

— நான் விட்டுட்டுப் போய் உட்காரல.

— உட்காரல ராசா. அழுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், எனக்கு ஒயரு வேலை இருக்கு.

— எங்கம்மாகிட்ட இந்த ரெண்டு தட்டைப் பத்தி நான் வாயே திறக்கலக்கா. அவங்க முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு. இன்னைக்குப் போய்ச் சொல்லணும்.

— முதல்ல அதைச் செய்யுங்க. இந்தத் தகட்டை இறுக்கிட்டேன். ஒயரும் உள்ள போயாச்சு. பலகையை ஏத்துங்க, நான் திருகறேன். ஆச்சு. இப்பப் போய்த் தட்டுங்க.

— சத்தமே இல்ல.

— எப்படி இருக்கும்? ஏறி வாங்க. இன்ஜின் சாவி எங்க?

— சட்டைப்பையில.

— அங்கயே கிடக்கட்டும். போடறேன் பாருங்க. காத்து வருதா?

— ஜில்லுன்னு வருதுக்கா. வண்டி தூங்கற மாதிரியே இருக்கு.

— தங்கச்சிகிட்ட சொல்லுங்க, அவ புருஷனுக்குப் போர்வை கொடுத்து அனுப்பட்டும். ஆனா ஒண்ணு, அந்தத் தகட்டுக்கு நட்டு போடாம விட்டானே, அவனைப் பிடிச்சு உதைக்கணும். புகைக்குழாயைத் தாங்கற போல்ட்டை இப்படியா அரைகுறையா விடுவான்?

— எந்தக் குழாயை?

— புகைக்குழாயைத்தான். கேபின் முதுகோட ஒட்டி மேல ஏறுதே. அதைப் பிடிச்சிருக்கற கொக்கியோட போல்ட்டுதான் உள்ள வந்து நீட்டிட்டு நிக்குது. இப்ப பயமில்ல, நல்லா இறுக்கிட்டேன். என்ன, திடீர்னு முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— அக்கா, குழாய் அப்ப கேபினுக்கு அடியிலதான் இருந்துச்சு.

— எப்ப?

— அவன் இருந்தப்ப. அவன் போனதுக்கப்புறம்தான் அதை முதுகுப் பக்கம் மாத்தினாங்க. இனிமே புகை உள்ள வரக்கூடாதுன்னு நான்தான் மாத்தச் சொன்னேன்.

— அதனால என்ன, அப்பவும் வேற ஏதாவது தகடு கிகடு ஆடிட்டிருந்திருக்கும். பழைய வண்டிதானே. நீங்க இறங்குங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க முதல்ல.

— அந்தப் பலகையை நானும் அவனும் சேர்ந்துதான் மாட்டினோம். பின்னாடி வெறும் தகரம்தான் இருந்துச்சு. ரெண்டு தட்டினான்க்கா.