பத்திரிகை வரும் பஸ்ஸும் பரீட்சை எழுதிய பிள்ளையும்

தன் தென்னந்தோப்பில் பாதியைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அமைதியாக அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் தங்கமுத்து அவர்களே! சந்தை கலைந்து, சாக்கு மடித்து, வியர்வை துடைத்து வந்து வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, இடுப்பில் குழந்தையோடு இடப்பக்கம் நிறைந்திருக்கும் தாய்மார்களே! இந்த ஆள் எப்போது பேச்சை முடிப்பான், எப்போது நாடகம் தொடங்கும் என்று முன்வரிசை மணலில் முட்டி மோதிக்கொண்டிருக்கும் செல்வங்களே! கீரமங்கலத்து மக்கள் எல்லோருக்கும் இந்த ஆத்மநாதனின் அன்பு வணக்கம்.

புதுக்கோட்டையில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன் நான். "அந்தக் காலத்துப் பரீட்சை, இந்தக் காலத்துப் படிப்பு. இரண்டில் எது உயர்ந்தது? வந்து தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று உங்கள் செயலாளர் கேட்டார். தீர்ப்புச் சொல்லும் தெம்பு எனக்கில்லை, பெரியோர்களே. நடுங்கும் நெஞ்சோடு நான் வந்திருக்கிறேன். ஏன் நடுக்கம்? நாளைக்கு எஸ்.எஸ்.எல்.சி. முடிவு. நாளைக்குப் பத்திரிகையைச் சுமந்துகொண்டு, பெட்ரோல் இல்லாமல் கரி எரித்து ஓடும் நம் பஸ் ஊர் ஊராகப் போகப்போகிறது. போன வருஷமும் அப்படித்தான் போனது. அது என் குடும்பத்துக்குள் எதைக் கொண்டுவந்தது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் பழைய பரீட்சை.

பதினாறு வருஷத்துக்கு முன்பு குன்றாண்டார்கோவில் பக்கத்தில் எங்கள் கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். அப்போது பரீட்சை தாளில் நடக்காது. வண்டியில் வரும்! ஆமாம், கோட்டும் தலைப்பாகையுமாக இன்ஸ்பெக்டர் மாட்டுவண்டியில் வந்து இறங்குவார். அவர் வருமுன்பே வாத்தியாருக்கு வேர்க்கும், சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும், எங்கள் தலைக்கு எண்ணெய் ஏறும். அந்த வருஷம் என் பக்கத்தில் இருந்த பையன் நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துவிட்டான். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு எங்களில் ஒருவனும் சிரிக்கவில்லை.

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு பெண், சின்னப்பிள்ளை. என் மாமன் ரெங்கசாமியின் மகள். அவளுக்குத் திக்குவாய். ஒரு சொல்லின் வாசலில் நின்றால் உள்ளே நுழைய அவளுக்கு நெடுநேரமாகும். அவள் முறை வந்தது. செய்யுள் ஒப்பிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவள் உதடு துடிக்கிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. ஒலி வரவில்லை.

வாத்தியார் பதறிப்போனார். "ஐயா, இது திக்குவாய்ப் புள்ளைங்க. விட்டுட்டு அடுத்ததப் பாத்துருங்க" என்றார்.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவசரமில்லம்மா. எனக்கு இன்னைக்கு வேற சோலி இல்ல. நீ மெதுவாச் சொல்லு" என்றார். காத்திருந்தார். வெளியே மாடு மணியாட்டியது, அவர் காத்திருந்தார். வாத்தியார் கால் மாற்றிக் கால் நின்றார், அவர் காத்திருந்தார். சொல் சொல்லாக, முள்ளில் மாட்டிய துணியை எடுப்பது போல, அவள் முழுச் செய்யுளையும் சொல்லி முடித்தாள். "பாஸ்" என்றார்.

கை தட்டுகிறீர்கள். தட்டிய கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள்! அதே மனிதர் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் கேட்டது என்ன? பாடமா? இல்லை. "நீ யார் மகன்?" என்றுதான் கேட்டார். அதே பள்ளியின் தாழ்வாரத்தில், வெயில் விழும் விளிம்பில், சேரியிலிருந்து வந்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். உள்ளே வர அவனுக்கு உரிமை இல்லை. நாங்கள் படித்த பாடமெல்லாம் அவனுக்கும் தெரியும். ஒரு பெண்ணின் வாயிலிருந்து சொல் வரக் காத்திருந்த அந்த நல்லவர், தாழ்வாரத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனை யாரும் கேட்கவில்லை. கேட்கப்படாதவனுக்குப் பாஸ் ஏது, பெயில் ஏது? இதுதான் பழைய பரீட்சை. இதையா பொற்காலம் என்பேன்? என் நாக்கு அதற்கு எழாது.

இன்றைய பரீட்சைக்கு வருவோம். இன்று பிள்ளைக்குப் பெயரில்லை, எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குச் சாதியில்லை. எண்ணுக்குத் தெருவில்லை. எண் யார் மகன் என்று எவனும் கேட்க முடியாது. இதை நான் வரவேற்கிறேன், வாழ்த்துகிறேன், வணங்குகிறேன்! ஆனால் தாய்மார்களே, எண்ணுக்கு முகமும் இல்லையே! திருத்துகிறவர் எங்கோ இருக்கிறார். எழுதியவன் எங்கோ இருக்கிறான். நடுவிலே மை மட்டும் இருக்கிறது. வியர்த்த கையை யார் பார்ப்பார்? விழித்த கண்ணை யார் பார்ப்பார்?

அந்தச் சின்னப்பிள்ளையைத்தான் நான் பிற்பாடு மணந்துகொண்டேன். அவள் தம்பி ராசு. எங்கள் வீட்டில் தங்கித்தான் புதுக்கோட்டையில் படித்தான். போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டுக் கிராமத்துக்குப் போனான். காலேஜுக்குப் போட்டுப்போக அவன் அப்பா அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் காலேஜைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. சட்டையைத்தான் கண்டார்கள். அதற்குள்ளே காலேஜைக் கண்டார்கள்.

முடிவு வந்த அன்று காலையிலேயே நான் பட்டணத்தில் பத்திரிகை வாங்கிப் பார்த்தேன். அவனுக்கு முந்தைய எண் இருந்தது. பிந்தைய எண் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய எண் இல்லை. தாளைத் திருப்பினேன், தேடினேன், விரல் வைத்துத் தேடினேன். இல்லை! உடனே சின்னப்பிள்ளையை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினோம், கரி போடக் காத்திருந்தோம். நாங்கள் ஊர் போய்ச் சேருமுன், முந்தின பஸ்ஸிலேயே பத்திரிகை போய்ச் சேர்ந்துவிட்டது. ராசு தனியாக ரோட்டுக்குப் போய், தனியாகவே பார்த்திருக்கிறான். பிறகு வீட்டார் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

தோப்பில் இல்லை. கோயிலில் இல்லை. கண்மாய்க்கரையில் இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஒருவர் ஓடிவந்தார். "ஒங்க பெரிய கேணி மேட்டுல வெள்ளச் சட்ட ஒண்ணு மடிச்சு வச்சிருக்குங்க."

பெரியோர்களே, சட்டை இருக்கிறது, ஆள் இல்லை. அந்த வீட்டின் நிலையை நினைத்துப் பாருங்கள். வாளி விழுந்தால் எடுக்கக் கேணிக்குள் பாதாளக்கரண்டி விடுவோம் அல்லவா? அன்றைக்கு ஒரு தகப்பன் தன் மகனைத் தேடிப் பாதாளக்கரண்டி விட்டார்! கயிறு அவர் கையில். நான் பக்கத்தில். அவர் சொன்னதை இன்னும் என் காது விடவில்லை. "எதுவும் மாட்டக் கூடாது மாப்ள. எதுவும் மாட்டக் கூடாது. நம்பர் வரலைன்னா வீட்டுப் பக்கமே வராதடான்னு நேத்து வெளையாட்டாச் சொன்னேன் மாப்ள. வெளையாட்டாத்தான் சொன்னேன்."

ஒரு தரம் கயிறு கனத்தது. அவர் இழுப்பதை நிறுத்திவிட்டார். நான் வாங்கி இழுத்தேன். துருப்பிடித்த தகரவாளி ஒன்று மேலே வந்தது. அந்தத் தகரவாளியைக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் அழுதார். பிறகு முங்கு நீச்சல் தெரிந்தவர்கள் அடி மண் வரை போய்ப் பார்த்துவிட்டு, "இங்கிட்டு இல்லைங்க" என்றார்கள்.

மறுநாளும் தேடினோம். அப்போதுதான் ஒரு பஸ் கண்டக்டர் சொன்னார்: "சட்ட இல்லாம, துண்டப் போத்திக்கிட்டு ஒரு படிச்ச பய கீரமங்கலம் வண்டியில ஏறுனான்." கீரமங்கலம்! அதுவரை நான் மிதிக்காத உங்கள் ஊர். சின்னப்பிள்ளையோடு உங்கள் சந்தைக்கு வந்து நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் போனேன். வாழைத்தார் ஏற்றும் வண்டிக்குப் பக்கத்தில், தோளில் தாரோடு நின்றான் என் மைத்துனன்.

அவனைத் தன் வீட்டில் வைத்திருந்தவர் சிவசாமி. அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறாரே, அவர்தான். ஒளியாதீர்கள் ஐயா, எழுந்து நில்லுங்கள்! அன்றைக்கு நான் அவரிடம் கேட்டேன், "இவன் யார், எவர் என்று நீங்கள் விசாரிக்கவில்லையா?" அவர் மனைவி சொர்ணவல்லி அம்மாள் முந்திக்கொண்டார். "என்னத்த விசாரிக்கிறதுங்க? மொகத்தப் பாத்தேன். கேள்வி கேட்டா ஓடிப்போற மொகமா இருந்துச்சு. சோத்தப் போட்டேன். வேல செய்யிறேன் ஆத்தான்னு அவனே தாரத் தூக்குனான். மனசு ஆறட்டும், பெறகு ஊரக் கேப்போம்னு இருந்தேன்."

பார்த்தீர்களா? பத்திரிகை அவனிடம் எண்ணைக் கேட்டது. ரோட்டில் போனவர்களெல்லாம் "என்னாச்சு?" என்று கேட்டார்கள். எழுதப்படிக்கத் தெரியாத இந்த அம்மாள் மட்டும் அவன் முகத்தைப் பார்த்தார்!

சின்னப்பிள்ளை அவன் எதிரே போய் நின்றாள். அவளுக்கோ அழுகை வந்தால் திக்கல் கூடும். உதடு துடிக்கிறது, சொல் வரவில்லை. ராசு தாரை இறக்கி வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தபடியே நின்றான். அவன் ஒருநாளும் அக்காளின் சொல்லைத் தான் முடித்துக் கொடுத்ததில்லை. குழந்தையிலிருந்தே காத்திருந்து பழகியவன். சந்தைச் சத்தத்துக்கு நடுவிலே அவன் காத்திருந்தான்.

"கே... கேணிக்குள்ள க... கரண்டி விட்டுத் தேடுனோம்டா ஒன்ன" என்றாள்.

அவன் திகைத்துப்போனான். "கேணியிலயா? நான் சாகப் போகலக்கா! அது காலேஜுக்குத் தச்ச சட்ட. அதப் போட்டுக்கிட்டு எங்கிட்டுப் போறது? அப்பா கண்ணுல படுற எடமா வச்சுட்டு வந்தேன். அம்புட்டுத்தான்" என்றான். அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

அழைத்துப் போனோம். வாசலில் நின்ற ரெங்கசாமி மாமா மகனைத் திட்டவுமில்லை, கொஞ்சவுமில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இலை போட்டார். பெயில் பெயில்தான். பத்திரிகையில் பிழை இல்லை. அவனுக்குக் கணக்கு வரவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்து படித்தான். இந்த மார்ச்சில் மறுபடி எழுதினான். இந்த முறை வந்துவிடுமா என்று கேட்கிறார் அங்கே ஒரு பெரியவர். தெரியாது ஐயா! வாத்தியார் எனக்கும் தெரியாது, எழுதிய அவனுக்கும் தெரியாது. அதனால்தான் நடுக்கம் என்றேன்.

எனவே அன்றா இன்றா என்று என்னைக் கேட்காதீர்கள். எண் இருக்கட்டும். தாழ்வாரத்துப் பிள்ளையை உள்ளே அழைத்து வந்த எண் என்றென்றும் இருக்கட்டும்! ஆனால் முகம் பார்க்கும் வேலையை யார் செய்வது? பரீட்சை செய்யாது. பத்திரிகை செய்யாது. சர்க்கார் செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும்! நாளைக்கு எந்தப் பிள்ளையையும் தனியாகப் பஸ்ஸடிக்கு அனுப்பாதீர்கள். தகப்பன்மார்களே, ஏரை ஒருநாள் நிறுத்துங்கள். தாய்மார்களே, சந்தையை ஒருநாள் விடுங்கள். வீட்டில் ஆள் இல்லாத பிள்ளையா? அடுத்த வீட்டுக்காரரே, நீங்கள் போங்கள்! எண் இருந்தால் பக்கத்தில் நின்று சிரியுங்கள். எண் இல்லையென்றால் பிள்ளையோடு கூட நடந்து வாருங்கள். வழியிலே ஒன்றும் பேச வேண்டாம். கூட நடந்தால் போதும்.

செயலாளர் என்னை இரவு தங்கி நாடகம் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார். மன்னிக்க வேண்டும். கடைசி பஸ் ஹாரன் அடிக்கிறது, காதில் விழுகிறதா? நான் கிளம்புகிறேன். விடிந்ததும் எங்கள் கிராமத்து ரோட்டுக்கு வருவான் ராசு. அவன் தாளைப் பிரிக்கும்போது பக்கத்தில் நான் நிற்க வேண்டும்.

என் பிள்ளைக்குச் சோறு போட்ட ஊரே, பொறுமையோடு கேட்ட பெரியோரே, தாயாரே, உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. நாளைக் காலை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்லபடி விடியட்டும். வணக்கம். வருகிறேன்.