நாற்பத்தேழாம் எண்ணின் மதிப்பெண்

வெயிலில் வண்டி ஓட்டுவது எனக்கு ஒத்துக்கொள்ளாது. பெரம்பலூரிலிருந்து குன்னம் தாண்டிப் போகிற சாலையில் சித்திரை மாதம் பதினொரு மணிக்கு மேல் நிழல் என்று ஒன்று கிடையாது. இரண்டு பக்கமும் காய்ந்த சோளத்தட்டையும் வெடித்த கரிசலும்தான். போனால் தலைவலி வரும். தலைவலி வந்தால் இரவு வேலை கெடும். அதனால் அன்று நான் போகவில்லை.

தென்றல் மேடம், நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. உங்கள் ஆய்வில் நாற்பத்தேழாம் எண்ணுள்ளவரின் மூளைப் படமும் நினைவுத் தேர்வு மதிப்பெண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை, அவர் விலகியிருந்தாலும் இன்னொரு முறை படம் எடுக்க அழைத்துவர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வரியில் பதில் போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு வரிக்குள் அடங்காது. பொறுமையாகப் படியுங்கள்.

நாற்பத்தேழு என்பது கண்ணையன். எழுபத்தொரு வயது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். இரண்டரை ஏக்கர் நிலம், ஒரு போர்வெல், சின்ன வெங்காயம், மக்காச்சோளம். தை மாதம் அவரையும் வேறு ஐந்து பேரையும் வேனில் திருச்சிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தோம். திரையில் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியை நீங்கள் பேனாவால் காட்டினீர்கள். வயதாக ஆக அந்த இடம் மெலியும், ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வது அதனால்தான் கடினமாகிறது என்றீர்கள். "இவருக்குப் பாருங்க, அம்பது வயசுக்காரரோடது மாதிரி இருக்கு" என்றும் சொன்னீர்கள். எனக்கு அது காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இரவெல்லாம் மூட்டை ஏற்றிவிட்டு நேராக அங்கே வந்திருந்தேன். எனக்கு அந்த வேலை இருப்பது உங்களுக்குத் தெரியாது. பட்டப்படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே விட்டவன் என்பதும் தெரியாது. முடித்ததாகச் சொல்லித்தான் சேர்ந்தேன்.

நீங்கள் எனக்குக் கொடுத்த வேலை எளிது. வீடு தேடிப் போய் எண்களைச் சொல்ல வேண்டும். நான் ஏழு, இரண்டு, ஒன்பது என்றால் அவர்கள் ஒன்பது, இரண்டு, ஏழு என்று பின்னாலிருந்து சொல்ல வேண்டும். எத்தனை எண்வரை தவறாமல் போகிறார்களோ அதுதான் மதிப்பெண். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்தச் சித்திரையில் ஆறு பேருடைய படிவங்களையும் நான் என் அறையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நிரப்பினேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. எல்லாருக்கும் நான்கு, ஐந்து என்று போட்டால் சந்தேகம் வரும் என்று ஒருவருக்கு இரண்டு போட்டேன். கண்ணையனின் படிவம் கடைசியில் இருந்தது. வேறு காரணம் இல்லை. தேதிக்கு ஒரு சனிக்கிழமையை எழுதினேன்.

மூன்றுக்குக் கீழே வந்தால் குடும்பத்தாரிடம் ஒரு கடிதம் கொடுத்து விளக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு விதி வைத்திருந்தீர்கள். நான் அதை மறந்துவிட்டேன். வைகாசியில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோதுதான் நினைவு வந்தது. அப்படித்தான் நான் முதன்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் சாக்கு விரித்து அவர் மனைவி சிந்தாமணி வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தார். மகன் செந்தில்குமார் கடிதத்தை உரக்கப் படித்தான். கண்ணையன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"என்ன பரிச்ச தம்பி? நீதான் இன்னும் வரவே இல்லயே" என்றார்.

கடிதத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அலுவலகத்தில் எண் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. நான் சொன்னது இதுதான்: "போன மாசம் வந்தேங்கய்யா. சனிக்கெழம. இதே கட்டில்லதான் ஒக்காந்திருந்தீங்க."

"சனிக்கெழமயா? அன்னிக்கி நான் ஊர்லயே இல்ல. கல்லங்குறிச்சிக்குப் போயி பெருமாளுக்கு ரெண்டு மரக்கா சோளம் காணிக்க போட்டுட்டு வந்தேன்."

சிந்தாமணி நிமிராமலே சொன்னார். "அது அதுக்கு மொத வாரம். அந்தச் சனிக்கெழம நீ வூட்டுலதான் கெடந்த. நான்தான் களையெடுக்கப் போயிட்டேன்."

"ஒனக்கு நாளு கெழம தெரியுமாடி?"

"எனக்கு எப்புடித் தெரியும், நான் என்ன மண்டைய படம் புடிச்சிக்கிட்டா வந்தேன்? பரிச்சயில கோட்டவுட்டுட்டு எம்மேல பாயாத."

செந்தில்குமார் சிரித்தான். "வண்டி சாவிய பையில வச்சிக்கிட்டு வூடு பூரா தேடுன ஆளுதானப்பா நீ."

"சாவி எல்லாரும் தேடறதுதான்டா. ஒரு ஆளு முன்னால குந்தி நம்பரு சொன்னா எனக்குத் தெரியாதா?"

சற்று நேரம் கழித்து செந்தில்குமார் என்னைத் தள்ளி அழைத்துப்போய், "நீங்க வந்ததயே மறந்துட்டாரா சார்?" என்றான். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் மட்டும்தான் அங்கே சரியாக நினைவு வைத்திருந்தார். அவருக்கு நினைவு இல்லை என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

"மோட்டார் கொட்டா பக்கம் விடலாமா சார்? ஒயர் வேலயெல்லாம் அவருதான் பாக்குறாரு."

அவருடைய வழக்கத்தை அவனே விவரித்தான். போரிலோ ஸ்டார்ட்டரிலோ கை வைப்பதற்கு முன் கண்ணையன் மின்பெட்டியிலிருந்து மூன்று பீஸ் கட்டைகளையும், அதாவது ஃபியூஸ்களையும், பிடுங்கி வேட்டி மடியில் கட்டிக்கொள்வார். அந்தக் கட்டைகள் பெட்டியில் இல்லாவிட்டால் மின்சாரம் வராது. வேலை முடிந்து அவரே செருகும்வரை மடியை அவிழ்க்க மாட்டார். சாப்பிடப் போனாலும் மடியோடுதான் போவார். நாற்பது வருடமாக அப்படித்தான்.

உங்கள் கடிதத்தில் மின்சாரம், அடுப்பு ஆகியவற்றைத் தனியாகக் கையாள விட வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. அதைக் காட்டினேன். "பீஸ் கட்டைய இனிமே நீங்க வச்சிக்குங்கண்ணே. அவரு மறந்துபோய் செருகிட்டா ஆபத்து" என்றேன். பொறுப்பாகத்தான் சொன்னேன். பொய் சொல்கிறவன் கொஞ்சம் கூடுதலாகவே பொறுப்பாக இருப்பான்.

கிளம்பும்போது கண்ணையன் வண்டிவரை வந்தார். மற்றவர்கள் வாசலில் இருந்தார்கள்.

"நம்பரு சொல்லு தம்பி."

"மூணு மாசத்துக்குள்ள மறுபடி வைக்கக் கூடாதுங்கய்யா. விதி."

"விதிய வுடு. நீ சொல்லு."

ஆறு எண் சொன்னேன். அவர் வயலைப் பார்த்துக்கொண்டே ஆறையும் பின்னாலிருந்து சொன்னார். தடுமாறவில்லை. எனக்கு ஐந்துதான் வரும். எப்படி என்று கேட்டேன்.

"பாத்திக்கு ஒண்ணா வச்சிக்கிட்டுப் போவேன். கடப் பாத்தியிலேருந்து திரும்பி நடந்தா எல்லாம் வச்ச எடத்துலயே இருக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீ வரல தம்பி. ஒனக்கும் தெரியும்."

அவர் குரலில் கோபம் இல்லை. நான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தார். எனக்கு வேலை போகும் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது. "வெயில் ஏறிடுச்சிங்கய்யா, வரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஆவணியில், இரண்டாம் தேர்வுக்குப் போனேன். இந்த முறை உண்மையாகவே போனேன். பயம் இருந்தது. அவர் ஆறு சொல்லிவிட்டால் முதல் படிவத்தை நீங்கள் தோண்டுவீர்கள்.

பயப்பட்டிருக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் அவரைச் சுற்றி எல்லாரும் மாறியிருந்தார்கள். சந்தைக்குத் தனியாக அனுப்புவதில்லை. அவர் சொல்கிற எதையும் சிந்தாமணி இன்னொருவரிடம் கேட்டுவிட்டுத்தான் நம்பினார். தெருவில் சிலர் விளையாட்டாக, "பெருசு, நான் யாருன்னு சொல்லு பாப்பம்" என்று கேட்டார்களாம். முதலில் திட்டியிருக்கிறார். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டார்.

என்னைப் பார்த்ததும் கண்ணையன் எழுந்து நின்றார்.

"வாங்க தம்பி. அன்னிக்கி நீங்க வந்துதான் இருப்பீங்க. எனக்குத்தான் நெனவு இல்ல. எதுவும் மனசுல வச்சிக்காதீங்க."

நீ என்றவர் நீங்க என்றார். நான் பரவாயில்லை என்றேன். மேடம், ஒரு ஆளைக் கொல்வதற்கு முன்னால் அவரையே மன்னிப்புக் கேட்க வைப்பது என்றால் அது இதுதான். இதை இப்போது சொல்கிறேன். அன்று எனக்கு நிம்மதிதான் இருந்தது.

எண்களைச் சொன்னேன். மூன்று எண்வரை வந்தார். நான்கில் நின்றார். ஒவ்வொரு எண்ணுக்கும் மகனின் முகத்தைப் பார்த்தார். "பாத்தியில எதுவும் நிக்க மாட்டேங்குது" என்று மெதுவாகச் சொன்னார். விதிப்படி இரண்டாம் வாய்ப்பும் கொடுத்தேன். மூன்று என்று எழுதினேன்.

ஐப்பசியில் ஒரு நாள், பகல் மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில், மோட்டார் ஓடவில்லை. போர்க்குழாய் வாயில் ஒயர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. அந்த வேலை கண்ணையனுக்குத்தான் தெரியும். செந்தில்குமார் பீஸ் கட்டைகளைப் பிடுங்கினான். அவர் மடியை விரித்துக்கொண்டு கை நீட்டினாராம். "எங்கிட்ட இருக்கட்டும்பா" என்று சொல்லி அவன் பெட்டி மேலேயே வைத்தான். அவர் வெளியே போனார். அவனுக்கு ஒரு போன் வந்தது. வெங்காய வியாபாரி. பத்து நிமிடம் பேசினான். பேசி முடித்தபோது கொட்டகையில் அப்பா இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தான். கட்டைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தன. செருகினான். மோட்டாரைப் போட்டான்.

கண்ணையன் கொட்டகைக்குப் பின்பக்கம் போர் வாயருகே குனிந்து, இரண்டு கையாலும் ஒயரைப் பிடித்திருந்தார்.

செந்தில்குமாருக்கு நாற்பது வயது. அவனுக்குப் படம் எடுத்தால் எல்லாம் கனமாகத்தான் இருக்கும். பத்து நிமிட போன் பேச்சில் அவனுக்கு அது நழுவிப்போனது. யாருக்கும் நழுவும். நழுவும் என்று தெரிந்ததால்தான் அந்தப் படிக்காத மனிதர் நாற்பது வருடமாக மூளையை நம்பாமல் மடியை நம்பினார். நான் அந்த மடியை அவிழ்த்தேன்.

நான்காம் நாள் செந்தில்குமார் பெரம்பலூர் வந்து எனக்கு போன் செய்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். மொட்டையடித்திருந்தான்.

"கட்டைய நான்தான் சார் போட்டேன். யாருகிட்டயும் சொல்லல. ஸ்டேஷன்ல நாளைக்கி வரச் சொல்லியிருக்காங்க." டீயைத் தொடவில்லை. "பின்னால போறேன், போடாதன்னு சொல்லிட்டுப் போனாரா, சொல்லாமப் போனாரான்னு ஒரே கொழப்பமா இருக்கு. சொன்ன மாதிரியும் இருக்கு. நீங்க சொல்லுங்க சார், அவரு இருந்த நெலமையில சொல்லியிருப்பாரா?"

அவர் சொல்லியிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"சொல்லியிருக்க மாட்டாருண்ணே. சொல்லணும்னே அவருக்குத் தோணியிருக்காது. கட்டையக்கூட அவரேதான் செருகிட்டுப் போயிருப்பாரு. நீங்க போட்டதா நெனைக்கிறது அதிர்ச்சியில வர்ற கொழப்பம்" என்றேன். பையிலிருந்து இரண்டு படிவங்களின் நகலையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு, மூன்று. அவன் அவற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அழுதான். என் கையைப் பிடித்து, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க சார்" என்றான்.

மறுநாள் அவன் அந்தத் தாள்களை ஸ்டேஷனில் கொடுத்தான். இறந்தவருக்கு ஞாபக மறதி இருந்தது, அவரே மின்இணைப்பைக் கொடுத்துவிட்டு மறந்து வேலை செய்திருக்கிறார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவனுடைய ஆறுதலுக்காகத்தான் கொடுத்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு காவல் நிலையக் கோப்பில் ஏறிவிட்டால் பிறகு அந்தப் படிவத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. உங்கள் பட்டியலில் நாற்பத்தேழுக்கு எதிரே "விலகிவிட்டார்" என்று குறித்தேன். ஆகவே அவரை மறுபடி திருச்சிக்கு அழைத்துவர முடியாது.

சிந்தாமணி அம்மாவைப் போன மாதம் குன்னம் பஸ்ஸில் பார்த்தேன். என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தார். "அந்த மனுசன் ரெண்டு மாசமா பொலம்புனாரு தம்பி, கல்லங்குறிச்சிக்குப் போன நாளு அந்தச் சனிக்கெழமதான்னு. நான் கடைசிவரைக்கும் ஒத்துக்கல. செத்த பொறவு அவரு பையில பஸ் டிக்கெட்டு கெடந்துச்சு. எனக்கு அதுல தேதி பாக்கத் தெரியல. பாத்துச் சொல்றியா?" என்று சுருக்குப்பையைத் திறந்தார். மை அழிந்துவிட்டது, தெரியவில்லை என்றேன். நான் படிவத்தில் எழுதிய அதே சனிக்கிழமையின் தேதி தெளிவாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கண்ணையன் சாவுக்கு நான்தான் காரணம். செந்தில்குமார் இல்லை, கண்ணையனும் இல்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. சித்திரை மாதத்து ஆறு படிவங்களையும் உங்கள் ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள். அவை பொய்.

ஆவணி மாதத்து மூன்று என்ற மதிப்பெண்ணை எடுக்க வேண்டாம். அதை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்தத் தேர்வை நான் நேர்மையாக நடத்தினேன்.