லிஃப்ட் காட்சியில் ஒரு குறை

நான் இருமினால் ஆறாம் மாடியில் நிற்கும் லிஃப்ட் இறங்கி வந்து கதவைத் திறந்துகொண்டு நிற்கும். தும்மினால் விளக்கும் எரியும். மெக்கானிக்காக இருந்த காலம் முழுக்க எந்த லிஃப்டும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை, இன்ஸ்பெக்டர் சார். சிரிக்கிறீர்கள். என் மச்சினனும் இப்படித்தான் சிரித்தான்.

எல்லாம் தியேட்டரில் பார்த்த ஒரு மர்மப் படத்தால் வந்தது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடைவேளை வரை கொலைகாரன் யாரென்று பிடிபடவில்லை. விதவையாக நடித்த பெண் பேசாமலே பயமுறுத்தினாள். ஆனால் கொலை? கயிற்றை அறுக்கிறானாம், லிஃப்ட் தடதடவென்று பாதாளத்துக்குப் போகிறதாம். கயிறு அறுந்தால் லிஃப்ட் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். போதாததற்குக் கொலைகாரனுக்கு முகமெல்லாம் வியர்வை. தொழில் தெரிந்தவனுக்கு எதற்கு வியர்க்கிறது?

"லிஃப்ட் விழக் கூடாது. அது இல்லாத மாடியில கதவு மட்டும் திறக்கணும். அப்படி எடுத்திருந்தா படம் எங்கயோ போயிருக்கும்" என்றேன் வீட்டில்.

மச்சினன் பல்லிடுக்கைக் குச்சியால் நோண்டினான். வந்ததை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வாயிலேயே போட்டுக்கொண்டான்.

"லிஃப்ட் வராம கதவு திறக்காது, அத்தான். சும்மா கதை விடாதீங்க."

"திறக்கும்டா."

"ஆமா, நீங்க இருமுனா திறக்கும்."

"விடுடா, பாவம். ரிட்டயர் ஆன மனுஷன்" என்றாள் என் மனைவி.

நான் கோபப்படவில்லை. கோபத்தில் செய்வது வேறு, இது விமர்சனம். மறுநாள் காலை அவன் குடியிருக்கும் கட்டடத்துக்குப் போனேன். என் பழைய கம்பெனிச் சட்டையைப் பார்த்து வாட்ச்மேன் வணக்கமே வைத்தார். அவன் வீடு இருக்கும் இரண்டாம் மாடியில், கையால் இழுத்துத் திறக்கும் லிஃப்ட் கதவு. அதன் பூட்டில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் படிக்கட்டில் நின்றேன். ஆபீசுக்குக் கிளம்பினால் அவன் போனிலிருந்து தலையைத் தூக்கமாட்டான். படத்தில் எவனுக்காவது இப்படி ஒரு பழக்கம் வைத்தார்களா? அது இரண்டாவது குறை.

அவன் கைப்பிடியைப் பிடித்தான். நான் இருமினேன். கதவு திறந்தது.

எனக்கு வியர்க்கவில்லை. அடியிலிருந்து கறுத்த எண்ணெயும் செத்த எலியும் கலந்த நாற்றம் மேலே வந்தது, கூடவே அவன் முனகலும். மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு காலிலும் கட்டு. இனி நடக்கமாட்டானாம். பேச்சை அந்தரத்தில் விடக் கூடாதே என்றுதான் கேட்டேன்: "இப்ப சொல்லு, லிஃப்ட் வராம திறக்குமா, திறக்காதா?"

அப்போதுதான் என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். உங்களுக்குப் போன் போட்டது அவள்தான். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "திறந்துச்சு, அத்தான். நீங்க இருமுனது எனக்குக் கேட்டுச்சு."