எண்டர் தட்டினால் என்ன நடக்கும்?

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் மேலாளர் விநாயகமூர்த்தி அவர்களே, கணவர் செல்வரத்தினம் அண்ணனை இழந்து நிற்கும் கௌரி அண்ணி அவர்களே, வேலையை ஒதுக்கிவிட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்காக த்ரீ கிங்ஸ் மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் மதன்குமார். மென்பொருள் வல்லுநர் செல்வரத்தினம் அண்ணனின் பக்கத்து நாற்காலியில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். அவர் பெருமையைப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் என் தவற்றைச் சொல்லாமல் அதைப் பேச முடியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், முதியோர் இல்லங்களுக்கு மருந்து கட்டி அனுப்பும் மவுண்ட் வெல்லிங்டன் பகுதிக் கிடங்கு ஒன்றின் பழைய மென்பொருளைப் புதிதாக மாற்றினோம். பழைய படிவத்தில் எண்டர் தட்டினால் 'சரிபார்' பட்டன் வேலை செய்யும். மாற்றியபோது அந்த ஏற்பாடு விட்டுப்போனது. எண்டருக்கு எந்தப் பட்டன் என்று புதிதாகச் சொல்ல வேண்டும். நான் பழையதைத் திறந்து பார்த்தேனா? இல்லை! எண்டர் என்றால் அனுப்பத்தானே என்று 'அனுப்பு' பட்டனைப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு வரி!

புதிய மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் நாள் காலை. அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் கல்யாணி அக்கா, எண்ணை அடித்து எண்டர் தட்டிவிட்டுத்தான் திரையை நிமிர்ந்து பார்ப்பார். அன்று வேளைக்கு ஒரு மாத்திரை என்பது, விரல் இருமுறை பட்டுப் பதினொன்றானது. "ஐயோ, நான் இன்னும் பாக்கவே இல்லையே!" என்று அலறினார்.

அவருக்குப் பின்னால் நின்றிருந்தவர் யார்? செல்வரத்தினம் அண்ணன்!

அதற்குள் மருந்து கட்டச் சொல்லி நாற்பது ஆணைகள் போயிருந்தன. எத்தனை பிழையோ! நான் உளறினேன்: "பத்து நிமிஷத்துல மாத்திடலாம் அண்ணே. தப்பா இருந்தா நர்ஸ் கவனிச்சிருவாங்க."

"கவனிக்காட்டி?" என்றார். ஒரே சொல்.

ஓடினார். அறுபது வயதில் மழையில் ஓடினார். புறப்படவிருந்த வேனின் முன்னால் போய் நின்றார். "ஒரு பெட்டியும் போகாது!" நாற்பதையும் பிரித்துப் பார்த்தோம். மூன்று தவறு. மூன்று உயிர்கள்!

மதியம் விசாரணை. "யார் செய்தது?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் சொன்னார்: "சரிபாத்து விட்டது நான். பொறுப்பு என்ர." குழுத்தலைவர் பதவியை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். என் விசா அந்த வேலையோடு பிணைந்திருந்தது; வேலை போனால் நாட்டை விட்டே போக வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி, அவர் இதை வீட்டில் சொன்னாரா, எனக்குத் தெரியாது. என்னை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. அப்படியும் ஒரு மனிதரா! நான் கோழையாக இருந்தேன். என்னை மன்னியுங்கள்.

விநாயகமூர்த்தி அவர்களே, திங்கட்கிழமை அந்த மென்பொருளின் அடுத்த பதிப்பு வெளியாக வேண்டும். பத்தொன்பது படிவங்களில் பதினொன்றை அண்ணன் ஊழியர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, எண்டர் தட்டித் தட்டிச் சோதித்தார். போன புதன்கிழமை அவர் இதயம் நின்றுவிட்டது. எட்டு மீதம். அவற்றைப் பார்த்து முடிக்கும்வரை வெளியீட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். தாமதத்துக்கு யார் காரணம் என்று கேட்பார்கள். இந்த முறை என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.